ஒத்தையா வளர்த்தா சட்டவிரோதம்!

பேர்லதாங்க பன்றி. கினிப் பன்றி எலி, அணில் மாதிரி கொறிக்கிற இனம். சொந்த ஊரும் கினியா இல்லை, தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. அங்கே பல ஆயிரம் வருஷமா கறிக்காக வளர்க்கிறாங்க. பழைய வழக்கப்படி கூண்டெல்லாம் கிடையாது. அடுப்படித் தரையிலேயே கூட்டமா ஓடும், காய்கறித் தோலைத் தின்னும்.

16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, செல்லப்பிராணி ஆச்சு. கொஞ்ச ஆள் வந்தாச்சு, கூண்டும் வந்தாச்சு. பல வீடுகளில் கூட்டம்தான் போச்சு!

கடைசியில் சுவிட்சர்லாந்து சட்டமே போட்டது: 2008 செப்டம்பர் 1 முதல் குறைந்தது ரெண்டாவது சேர்ந்து இருக்கணும். சரி, ஜோடியில் ஒண்ணு செத்தா? புதுசு வாங்கணும். அப்புறம் அதுக்கு ஒரு துணை... முடிவே இல்லை. அதனால துணையை வாடகைக்குத் தர்ற ஏற்பாடும் அங்கே வந்தது :-)

யாரோட யாரை விடுறது? ரெண்டு பெண், இல்லைன்னா காயடிச்ச ஒரு ஆணோட பெண்கள். பொதுவா ஒத்துப்போகும். வளர்ந்த ரெண்டு ஆணுக்கு நடுவில் பெண் வந்தா சண்டைதான். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வாசல் வச்ச தனி மறைவிடம் வேணும். ஒண்ணு துரத்தினா இன்னொண்ணு தப்பிக்கணுமே!

எனக்கு உறுத்துறது இதுதான். தின்னப்போறவன்கூட அதைக் கூட்டத்தோட வாழவிட்டான். கொஞ்சினவனுக்குத்தான் சட்டம் தேவைப்பட்டிருக்கு.