கூரையும் கோடைக் காற்றும்

கொல்கத்தாவில் வாழும் தமிழராகிய நாம் கிடர்பூரை அதன் கப்பல் துறையால் அறிவோம். அத்துறை 1892-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதற்கு நெடுநாள் முன்பே இந்நகரம் தீயினால் பெரும்பாடு பட்டதுண்டு. அக்காலத்து ஏழை மக்கள் வைக்கோற் கூரையின் கீழ் வாழ்ந்தனர். குளிர்காலத்தில் மழை அரிதாகையால் பங்குனிக்குள் கூரை சருகாய் உலரும், தென்காற்றும் வலுக்கும். பிறகு ஒரு பொறி போதும்! 1780-ஆம் ஆண்டுத் தீ பல்லாயிரம் குடிசைகளை விழுங்கிற்று. 1837-இல்தான் எளிதில் பற்றும் கூரைகளைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. நகரம் காப்புப் பெற்றது; ஆனால் ஓட்டுக்கு விலை கொடுக்க வேண்டியவன் ஏழையே.

சுதந்திரத்திற்குப்பின், 1950-இல், மேற்கு வங்கத் தீயணைப்புப் பணிக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. எனினும், 2025 ஜூன் 16 அன்று விடியுமுன் கிடர்பூர்ச் சந்தையில் மூண்ட தீ, நெருங்கி நின்ற நூற்றுக்கணக்கான கடைகளை அழித்தது. கூரை மாறினும் நெருக்கடி மாறவில்லை. படை விரைந்து வந்தாலும் வண்டி நுழைய வழி வேண்டுமன்றோ?

1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத் தீயில் உயிர்நீத்த தீயணைப்பு வீரரை ஆண்டுதோறும் அந்நாளில் நாடு நினைவுகூர்கிறது. நம் சித்திரைப் புத்தாண்டும் அதையொட்டியே வருகிறது. அன்று வாசலில் கோலமிடும்போது, தெருவின் வழியும் அடைபடாதிருக்கிறதா என்று நோக்குவோமாக.