கல்லில் நிற்காத சக்கரம்



பள்ளி விடுமுறை நாட்களில், நல்ல தார்ச்சாலை உள்ள இடங்களில், நான்கு சக்கரம் பூட்டிய ஒரு பலகையின்மேல் பிள்ளைகள் நின்றபடியே உருண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சறுக்குப் பலகை என்கிறோம். ஸ்கேட்போர்டு என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். அதிலே நீளமான வகை ஒன்று உண்டு. அதற்கு லாங்போர்டு என்று பெயர். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் புதிதாக ஏறிப் பழகுவது பெரும்பாலும் இந்த நீளப் பலகையில்தான்.

"இந்த வயதில் இது தேவையா?" என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். நாற்பத்து மூன்றாம் வயதில், வாங்கிய மூன்றாம் நாளே விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏன் விழுந்தேன் என்று தேடப் போய்த்தான் இந்தப் பலகையின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. என்னை வீழ்த்திய காரணம் எதுவோ, அதுவே 1960களில் அமெரிக்கப் பிள்ளைகளையும் வீழ்த்தியிருந்தது.

கதை பலகையில் தொடங்கவில்லை, சக்கரக் காலணியில் தொடங்குகிறது. நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்டன் என்று ஒரு மரச்சாமான் வியாபாரி இருந்தார். அக்காலத்துச் சக்கரக் காலணிகள் நேராகத்தான் ஓடும், திருப்புவது பெரும்பாடு. பிளிம்டன் 1863இல் காலணிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரங்களைப் பொருத்தி, அச்சுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே ஒரு ரப்பர்த் துண்டை வைத்தார். உடலை ஒரு பக்கம் சாய்த்தால் ரப்பர் நசுங்கும், அச்சும் அந்தப் பக்கமே திரும்பும். கையும் வேண்டாம், கயிறும் வேண்டாம். இன்றைய சறுக்குப் பலகை திரும்புவதும் இதே முறையில்தான்.

அந்த ரப்பர் நம் நாட்டு ரப்பர் அல்ல. 1863இல் மலாயாவில் பால்மரம் ஒன்றுகூட இல்லை. பிரேசில் நாட்டு விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1876இல். அங்கே முளைத்த கன்றுகளில் இருபத்திரண்டு சிங்கப்பூருக்கு வந்தது 1877இல். அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. பிற்பாடு நடந்ததை உங்கள் பாட்டன் பாட்டிமார் அறிவார்கள்.

இனிப் பலகைக்கு வருவோம். பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவு மக்கள் நெடுங்காலமாகவே மரப்பலகையில் நின்று கடல் அலைமேல் சறுக்கி வந்தவர்கள். தலைவர்களுக்கென்றே மிக நீளமான பலகைகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த விளையாட்டு அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு வந்தது. அலை என்பது நாம் அழைத்தால் வருவதல்ல. அலை அடங்கிய நாட்களில் கரையிலே சும்மா நின்ற இளைஞர்கள், 1950களில், சக்கரக் காலணியைப் பிரித்துப் பலகைத் துண்டின் அடியில் ஆணி அடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கடல் அலையில் சாய்ந்து திரும்பும் அதே உடலசைவைத் தெருவிலும் செய்தார்கள். உயிர்காப்பாளராகக் கடற்கரையில் வேலை பார்த்த லாரி ஸ்டீவன்சன் என்பவர் மக்காஹா என்ற பெயரில் பலகைகளை 1963இல் விற்கத் தொடங்கினார். 1965 மே மாதம் லைஃப் பத்திரிகையின் அட்டையிலே பேட் மெக்கீ என்ற இளம்பெண் ஓடும் பலகையில் தலைகீழாகக் கையூன்றி நின்ற படம் வந்தது. நாடே பார்த்தது.

அந்த ஆண்டே விளையாட்டு சரிந்தும் போயிற்று. காரணம் சக்கரம். முதலில் இரும்புச் சக்கரம், பிறகு களிமண் சக்கரம் என்று அழைக்கப்பட்ட ஒரு கெட்டிக் கலவை. இரண்டும் சாலையைப் பிடிக்காது. ஒரு சிறு கல்லில் பட்டால் போதும், சக்கரம் நின்றுவிடும். ஆனால் மேலே நிற்பவர் நிற்கமாட்டார், வந்த வேகத்தோடு முன்னால் போய் விழுவார். விழுகிறவர் தன்னை அறியாமல் கையை ஊன்றுவார், எலும்பு முறிவது அங்கேதான். மருத்துவர்கள் எச்சரித்தார்கள். பல நகரங்களில் தெருவிலே சறுக்கக் கூடாது என்று தடை வந்தது. கடைகளில் பலகைகள் தேங்கிக் கிடந்தன. குற்றம் பிள்ளைகளின் துடுக்குத்தனத்தின்மேல் போடப்பட்டது. சக்கரத்தை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

அதைக் கவனித்தவர் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர். 1970இல் வர்ஜீனியா மாநிலத்தில் பர்சல்வில் என்ற சிற்றூரில் இருந்த ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு நண்பரோடு போனார். யூரித்தேன் என்ற பொருளால் அங்கே சக்கரக் காலணிக்குச் சக்கரம் வார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலியூரித்தேன் என்பது 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த செயற்கைப் பொருள். ரப்பர்போல் வளைந்து கொடுக்கும், ஆனால் எளிதில் தேயாது. சறுக்கு மண்டபங்களில் புதிதாகப் பழகுவோருக்குப் பிடிமானம் வேண்டும் என்று செய்த சக்கரம் அது. நாஸ்வொர்த்தி அதைத் தம் பழைய பலகையில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். சிறு கற்களின் மேல் ஏறி இறங்கிப் போயிற்று. சத்தமும் இல்லை. கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, 1973இல் கெடிலாக் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். செத்துப் போயிற்று என்று எல்லாரும் நினைத்த விளையாட்டு எழுந்து உட்கார்ந்தது.

1980களில் பலகைகள் தெரு வித்தைக்காரர்களின் கைக்குப் போயின. பலகையோடு துள்ளிக் குதிப்பதற்குச் சின்னதும் கெட்டியுமான சக்கரம் வேண்டும். ஆகவே சக்கரங்கள் மறுபடி சிறுத்தன, இறுகின. 1990களில் மறுபடியும் அலைச்சறுக்கு இளைஞர்கள்தான், கலிபோர்னியாவின் சான் டியேகோ பக்கத்தில், நீளமான பலகையும் பெரிய மெத்தென்ற சக்கரமுமாகத் தெருவில் இறங்கினார்கள். செக்டர் 9 என்ற நிறுவனம் அங்கே தொடங்கியது 1993இல். துள்ள வேண்டாம், வித்தை காட்ட வேண்டாம், சாய்ந்து சாய்ந்து போனால் போதும் என்பவர்களின் பலகை இது. நடுத்தர வயதுக்காரர்கள் இதில் ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நான் முதலில் வாங்கியது விளையாட்டுப் பொருள் கடையில் தொங்கிய, படம் போட்ட மலிவுப் பலகை. சக்கரம் கெட்டிப் பிளாஸ்டிக். நாஸ்வொர்த்தி 1973இல் தீர்த்து வைத்த சிக்கலைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்! ஒரு மிளகளவு கல், அவ்வளவுதான்.

ஆகவே முதற்பலகை வாங்கும்போது பலகையின் படத்தைப் பார்க்காதீர்கள், புரட்டிச் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்தின் மேலேயே எண்கள் அச்சடித்திருக்கும். வித்தைக்காரர்களின் சக்கரம் ஐம்பது மில்லிமீட்டரை ஒட்டியது, கெட்டித்தன்மை 99ஏ, 101ஏ என்று இருக்கும். நமக்கு வேண்டியது 65 முதல் 75 மில்லிமீட்டர் வரை, 78ஏ அல்லது 80ஏ. எண் இல்லாவிட்டால் நகத்தால் அழுத்திப் பாருங்கள், சிறிதாவது அமுங்கிக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிபோல் கடகடவென்று ஒலித்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது உயரம். பலகையில் துளையிட்டு, அச்சுக்கட்டையை அதன் ஊடே மேலேற்றிப் பொருத்திய வகை ஒன்று உண்டு. அதில் நிற்குமிடம் தரைக்கு நெருக்கமாக இருக்கும். ஒரு கால் பலகையில் நிற்க, மறுகாலால் தரையை உந்துகிறோம் அல்லவா? பலகை உயரமாக இருந்தால் ஒவ்வொரு உந்துதலுக்கும் நிற்கிற முழங்கால் அதிகம் மடங்க வேண்டும். இருபது வயது முழங்காலுக்கு அது தெரியாது. ஏணி ஏறிச் செம்பனை வண்டியில் பாரம் ஏற்றிய முழங்காலுக்கு நன்றாகவே தெரியும். நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கட்டும், நாற்பது அங்குலத்தை ஒட்டி. பலகை அதிகம் தொய்யவும் கூடாது. எவ்வளவு எடை தாங்கும் என்று செய்பவர்கள் குறிப்பிட்டிருந்தால், வெட்கப்படாமல் நம் எடையைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் பலகையோடு சேர்த்தே வாங்க வேண்டியவை. காசு போதாவிட்டால் பலகையை அடுத்த மாதம் வாங்கலாம். லயத்து முன்னால் உள்ள செம்மண் பாதை இதற்கு ஆகாது. பள்ளித் திடலில் சிமெண்டு போட்ட பந்தாட்டக் களம் இருந்தால் அதுவே போதும், மாலையில் அனுமதி கேட்டுப் பழகலாம். முதல் வாரம் ஓடப் பழக வேண்டாம், நிற்கப் பழகுங்கள். முன்காலில் பாரத்தைப் போட்டு, பின்காலை மெதுவாகத் தரையில் உரச விட்டால் பலகை நிற்கும். இது வரும்வரை சரிவுப் பக்கமே போகக் கூடாது. நான் மாவுக்கட்டு அவிழ்த்த பிறகு இதற்கு மட்டும் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான், 2021இல், சறுக்குப் பலகை முதன்முதலாக இடம்பெற்றது. மகளிர் பிரிவில் ஜப்பானின் பன்னிரண்டு வயதுச் சிறுமி வெள்ளி வென்றாள். ஆடவர் பிரிவில் டென்மார்க்கின் ரூன் கிளிஃப்பெர்க், தென்னாப்பிரிக்காவின் டல்லாஸ் ஓபர்ஹோல்சர் ஆகிய இருவரும் நாற்பத்தாறு வயதில் களம் இறங்கினார்கள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஆடிய ஆண்டி மெக்டொனால்டுக்கு வயது ஐம்பத்தொன்று. அவர்கள் ஏறியது நீளப் பலகை அல்ல, வித்தைப் பலகை. ஆயினும் ஒரு பொருத்தத்தைச் சொல்ல வேண்டும். மெக்டொனால்டு பிறந்தது 1973இல். நாஸ்வொர்த்தியின் சக்கரம் கடைக்கு வந்த அதே ஆண்டு.