வயதும் மரணமும்: இறக்குவானைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மனிதர் எவ்வெவ் வயதில் இறக்கின்றனர் என்பதைக் கணிதச் சூத்திரமாக வடிக்கும் முயற்சி நெடுங்காலத்தது. முதிர்ச்சியடைந்த வயதின் பின்னர் மரண அபாயம் ஒரே பெருக்கு விகிதத்தில் உயர்ந்து செல்லும் என்பதை 1825இல் பெஞ்சமின் கொம்பேட்ஸ் எடுத்துக்காட்டினார். 1980இல் ஹெலிக்மன், பொலாட் ஆகிய இருவரும் குழந்தைப்பருவம், இளமை, முதுமை ஆகிய மூன்று கூறுகளையும் ஒரே சூத்திரத்துள் இணைத்தனர். இளமைப்பகுதியில் வரைகோட்டிலே ஒரு மேடு தோன்றும். ஆண்களிடத்து அது விபத்து மரணங்களையும், பெண்களிடத்து அவற்றோடு மகப்பேற்று மரணங்களையும் உணர்த்தும். இன்று கணனி மென்பொருள் இக்கணிப்பை நொடிப்பொழுதில் நிறைவேற்றுகின்றது.

இலங்கையின் வரலாறு இம்மேட்டின் பொருளை நன்கு புலப்படுத்தும். 1946இல் ஆணின் ஆயுள் எதிர்பார்க்கை 43.9 ஆண்டுகளாகவும், பெண்ணினது 41.6 ஆண்டுகளாகவும் இருந்தன. அவ்வாண்டில் பத்தாயிரம் பிறப்புகளுக்கு 155 தாய்மார் மாண்டனர். மறு ஆண்டிலே பொது இறப்பு வீதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20இலிருந்து 14 ஆக வீழ்ந்தது. எனினும் பெண்கள் ஆண்களை முந்துவதற்கு 1960கள் வரை காத்திருக்க நேர்ந்தது. மொத்த வீதத்தை மட்டும் நோக்குபவருக்கு இத்துயரம் தென்படாது. வயதுவாரியான பதிவே அதனை வெளிக்கொணர்ந்தது.

அப்பதிவு எல்லோருக்கும் சமமாக வாய்த்ததா? இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானைச் சூழலின் தேயிலைத் தோட்டங்களிலும், மலையகத்தின் ஏனைய தோட்டங்களிலும் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளர் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தை வழிப் பிறப்புக்குச் சான்று கோரியபோது, அக்கடதாசி இல்லாமையே பலரை நாடற்றோராக்க உதவியது. பிறந்த ஆண்டு அறியாதவர் வயதை 30, 35, 40 என முழு எண்ணாகச் சொல்வதும் இயல்பு. குடியுரிமை கோரிய மனிதரைக் கைவிட்ட அதே குறைபாடு, ஆய்வாளனின் வரைகோட்டையும் கோணச் செய்கின்றது.

மென்பொருள் அக்கோணலை நிமிர்த்தித் தரவல்லது. பதிவு போதாதவிடத்து, ஐக்கிய நாடுகள் சபை 1982இல் வெளியிட்ட தென்னாசிய மாதிரி போன்றதொரு வடிவத்தை இரவல் பெறவும் இயலும். அவ்வாறு பெறப்படும் வரைகோடு அழகாக அமையும். ஆயினும் அது தோட்டத்து மக்களின் உண்மை வரலாறாகிவிடாது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. தோட்டத்து மரணங்கள் தனியாகக் கணக்கிடப்பட்டமையாலேயே அவ்வுயர்வு நாட்டின் சராசரியுள் மறைந்துபோகாமல் வரலாற்றில் இடம்பெற்றது.

ஆகவே சூத்திரத்தைத் தெரிவதற்கு முன்னர், யாருடைய மரணம் எழுதப்பட்டது, அவர் வயதை எழுதியவர் எங்கிருந்து அறிந்தார் என வினவுதல் வேண்டும். பதிவேட்டில் ஏறாத தாயொருத்தியை எந்தக் கணனியும் கண்டுபிடித்துத் தராது.