ஜோங்காவோடு வராத டிப்போ

ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்டு கன் கேரியேஜ் அசெம்பிளி. இந்த நீண்ட தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர்தான் ஜோங்கா. விற்கும் நிறுவனத்தின் பெயரைச் சுமக்காமல், தன்னைக் கட்டிய அரசுத் தொழிற்சாலையின் பெயரையே சுமந்த வண்டி இது. கடைவீதிக்காகப் பிறந்த வண்டியும் அல்ல. ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் விட்ட ஜோங்காக்கள் கைமாறிக் கைமாறி இன்றும் விலைக்கு வருகின்றன. மலைப்பாதைக்கும் காட்டுவழிக்கும் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், பானெட்டைத் தூக்கிப் பார்க்கும் முன் இந்தப் பெயரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வாங்கலாமா கூடாதா என்பதற்கான விடை பெரும்பாலும் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில்தான் ராணுவத்துக்கான வண்டிகளை அரசின் படைக்கலத் தொழிற்சாலைகளிலேயே செய்வது என்ற போக்கு வலுப்பெற்றது. ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் சக்திமான் லாரி வந்தது. ஜப்பானின் நிஸான் உரிமத்தில் ஒரு டன் கேரியர் வந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு மலை எல்லைகளுக்கான வண்டித் தேவை பல மடங்கு பெருகியது. 1969-ல் ஜபல்பூரில் வண்டிகளுக்கென்றே தனித் தொழிற்சாலை எழுந்தது. ஜோங்கா உருவான இடம் அதுதான். மூலம் நிஸான் பேட்ரோல் 60 வரிசை. 3,956 சிசி கொள்ளளவு, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 110 குதிரைத்திறன், பெட்ரோல். அதுவரை ராணுவம் நம்பியிருந்த வில்லிஸ் வழி ஜீப்பின் என்ஜினோ நாலு சிலிண்டர், 2.2 லிட்டர். 1965 பாகிஸ்தான் போரில் அசல் உத்தர் களத்தில் ராணுவ வீரர் அப்துல் ஹமீது 106 மி.மீ. பீரங்கியை ஏற்றிக்கொண்டு டாங்கிகளை எதிர்த்தது ஜீப்பில்தான். அதே வகைப் பீரங்கியைப் பிற்காலத்தில் ஜோங்கா சுமந்தது. ஆம்புலன்ஸாகவும் அதிகாரிகளின் வண்டியாகவும்கூட உழைத்தது. 1999 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உற்பத்தி நடந்தது.

இந்த முப்பது ஆண்டுகளையும் தாங்கி நின்றது வண்டியின் உறுதி மட்டும் என்று நினைப்பது தவறு. ஜோங்காவுக்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருந்தது. உதிரி பாகங்களைச் சேமித்துக் கொடுக்க ஆர்டினன்ஸ் டிப்போ இருந்தது. பழுதுபார்க்க 1943-லிருந்தே தனிப் பொறியியல் படைப்பிரிவு இருந்தது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எதைக் கழற்ற வேண்டும் என்ற கால அட்டவணையும், பெட்ரோல் நிரப்ப அரசுப் பணமும் இருந்தன. லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் ஓடும் என்பது இதை ஓட்டியவர்களின் பொதுவான கணக்கு. அந்தப் பசியை ஓட்டுநர் தன் சட்டைப் பையிலிருந்து ஆற்ற வேண்டியிருக்கவில்லை. தொண்ணூறுகளில் ராணுவத்துக்குள் மாருதி ஜிப்ஸி பரவியபோது இந்த ஏற்பாடு முழுவதும் மெல்ல அதன் பக்கம் திரும்பியது. ஏலத்தில் ஜோங்காவை எடுப்பவர் வண்டியை மட்டுமே எடுக்கிறார். டிப்போ அதோடு வருவதில்லை. நான் சொல்ல வருவது இதைத்தான்: ஜோங்கா வாங்குவது என்றால் அந்த டிப்போவின் வேலையையும் தன் தலையில் ஏற்றுக்கொள்வது; அதற்கு மனமும் பணமும் இல்லாதவர் வாங்காமலிருப்பதே வண்டிக்கும் நல்லது.

‘மிலிட்டரி ஜீப் மட்டும் எப்படி எழுபது ஆண்டுகளாக ஓடுகிறது? அதுவும் போருக்குப் பிறந்ததுதானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போடி மலையடிவாரத்தில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவதும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமான பாதையில் ஏறுவதும் இன்றும் ஜீப்தான். ஆனால் ஜீப் படையைவிட்டு வெளியே வந்தபோது வெளியிலேயே அதற்கு ஒரு குடும்பம் உருவாகிவிட்டது. நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே மகிந்திரா அதை இங்கே கோக்கத் தொடங்கி, பிறகு முழுவதுமாகத் தயாரித்தது. விவசாயியும் வனத்துறையும் தேர்தல் பிரச்சாரக்காரர்களும் வாங்கினார்கள். வில்பட்டை அடிப்பவர், கியர் பாக்ஸ் பிரிப்பவர், பாடி கட்டுபவர் என்று ஒவ்வொரு மலையடிவார ஊரிலும் ஜீப்பை நம்பி ஒரு தெரு பிழைத்தது. டிப்போ ஊர் ஊராகப் பரவிவிட்டது என்றே சொல்லலாம். ஜோங்காவுக்கு அந்த வாழ்வு அமையவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், அசோக் லேலண்ட் வழங்கிய ஹினோ டீசல் என்ஜினோடு அதைப் பொதுமக்களுக்கு விற்கும் முயற்சி நடந்தது. காலம் கடந்து வந்த முயற்சி. சில ஆண்டுகளில் உற்பத்தியே நின்றுபோனது.

அடுத்த மறுப்பு பட்டறைக்காரர்களிடமிருந்து வரும். லேத் இருந்தால் எதையும் கடைந்துவிடலாம், பெட்ரோல் என்ஜினைத் தூக்கிவிட்டு ஒரு டீசல் என்ஜினை வைத்தால் செலவுப் பிரச்சினையே தீரும் என்பார்கள். நம் மெக்கானிக்குகளின் கைத்திறமை மீது எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டம்தான் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அம்சங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. ஆர்.சி. புத்தகத்தில் ஏறாத என்ஜினோடு ஓடும் வண்டிக்கு எஃப்.சி. கிடைப்பதும், விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுப்பதும் கேள்விக்குறியே. அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிக்குத் தனிப் பதிவு தருகின்றன. கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அங்கே நிபந்தனை. ஜோங்காவின் முதல் தலைமுறை இப்போதுதான் அந்த வயதைத் தொட்டிருக்கிறது. சிக்கனத்துக்காக டீசல் என்ஜின் ஏற்றியவர்கள் அந்தக் கதவைத் தாங்களே சாத்திவிட்டார்கள். விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். எஸ்டேட்டுக்கு நாள்தோறும் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்பவருக்கு ஜோங்கா சரிப்படாது.

பேட்ரோல் உலகறிந்த வண்டியாயிற்றே, பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்றும் ஒரு வாதம் உண்டு. பேட்ரோலின் புகழ் உண்மைதான். ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தை 1962-ல் முதன்முதலாக மோட்டார் வண்டியில் கடந்த நிலவியலாளர் ரெக் ஸ்பிரிக்கின் குடும்பம் சென்றது நிஸான் பேட்ரோலில்தான். ஆனால் ஜப்பான் அந்த வரிசையை 1980-லேயே நிறுத்திவிட்டது. அங்கும் மிச்சமிருப்பவை பழஞ்சரக்குகளே. பாகம் கிடைத்தாலும் கப்பல் கூலியும் சுங்கமும் சேரும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. 2019-ல் தோனி ராஞ்சியில் ஜோங்கா ஓட்டிய படங்கள் வெளிவந்த பிறகு பலருக்கு இந்தப் பெயர் தெரிந்தது. பெயர் பரவினால் விலை ஏறும்; லேத் பட்டறைகள் அதனால் பெருகுவதில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு வாங்கவே வேண்டாம் என்று முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விடுதலை பெற்ற நாடு தன் எல்லைக்கென்று சொந்தப் பட்டறையில் கட்டிய வண்டிகளில் ஒன்று இது. பழைய இரும்புக்கடையில் எடை போட்டு உடைபடுவதைவிட ஒரு நல்ல வீட்டுக் கொட்டகையில் இருப்பது எவ்வளவோ மேல். எதை வாங்குவது என்பதில்தான் கண்டிப்பு வேண்டும். ராணுவ எண் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள், வண்டி படையில் சேர்ந்த ஆண்டைச் சொல்லும். பழைய புகைப்படத்திலோ தாளிலோ அந்த எண் கிடைத்தால் வயதைப் பிடித்துவிடலாம். ஏலத்தில் விட்ட தாள், ஆர்.சி., சேஸிஸ் எண், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினால், பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் தரை துருவேறியிருந்தாலும் அதைத்தான் வாங்க வேண்டும். பளபளவென்று மின்னும், என்ஜின் மாறிய வண்டியை விட்டுவிடலாம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், வந்த முதல் வாரமே எரிபொருள் குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டுகளையும் மாற்றிவிட வேண்டும். கூடவே, தாள்கள் தொலைந்து, டீசல் என்ஜின் ஏற்றப்பட்டு, ஓடாமல் கிடக்கும் இரண்டாவது ஜோங்கா ஒன்றையும் மலிவாகப் பேசி வாங்கிப் போட வேண்டும். அதன் ஆக்ஸிலும் கியர் பாக்ஸும் ஸ்டீயரிங்கும் கதவுக் கீல்களும்தான் முதல் வண்டிக்கு இனி டிப்போ.