பால்மரமும் புரதச் சங்கிலியும்

மலேசியாவின் சிரம்பான், பகாவ், ரந்தாவ் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. மங்குப்பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோனதும், அங்கே தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றி ஃபார்மிக் அமிலம் விடுவார்கள். பால் உறைந்து கட்டியாகும். அமோனியா சேர்த்த பாலோ உறையாமல் கிடக்கும். ரப்பர்த் துகள் ஒவ்வொன்றையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அதன் எதிர்மின்னேற்றம் துகள்களை விலக்கி வைக்கிறது. அமிலம் அதைப் போக்கியதும் அவை ஒட்டிக்கொள்கின்றன.

எப்போது கரைந்திருப்பது, எப்போது திரள்வது? நானோ மருத்துவத்தில் புரதப் பாலிமர்களை, அதாவது நீண்ட புரதச் சங்கிலிகளை, வடிவமைப்பவர்களின் கேள்வியும் இதுவே.

நம் தமனிக்கும் நுரையீரலுக்கும் தோலுக்கும் மீள்தன்மை தருவது எலாஸ்டின் என்னும் புரதம். அதில் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அத்தொடரைக் கொண்ட செயற்கைச் சங்கிலிகளை அமெரிக்காவின் அலபாமாவில் டான் அர்ரி நெடுங்காலம் ஆராய்ந்தார். இவை குளிர்ந்த நீரில் கரையும். சூடேறினால் நீரை உதறித் திரளும். எந்த வெப்பநிலையில் திரள வேண்டும் என்பதை அமினோ அமிலங்களை மாற்றி நிர்ணயிக்கலாம்.

ரப்பரும் சங்கிலிதான்; ஆனால் மரம் தரும் ரப்பர்ச் சங்கிலிகள் பல நீளங்களில் இருக்கும். புரதச் சங்கிலியையோ மரபணுவாக எழுதி ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், எல்லாம் ஒரே நீளத்தில் கிடைக்கும். மருந்தை எந்தக் கண்ணியில் பிணைப்பது என்பதும் நம் கையில்.

ஐ.ஐ.டி. டெல்லியில் படித்த அசுதோஷ் சில்கோட்டியின் டியூக் பல்கலைக்கழகக் குழு, 2009-இல் டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தை இத்தகைய சங்கிலியின் முனையில் பிணைத்தது. சங்கிலிகள் தாமாகவே நானோ உருண்டைகளாகத் திரண்டன; ஒரே ஊசியில் ஏறக்குறைய எல்லா எலிகளிலும் கட்டி மறைந்தது. 2017-இல் அக்குழு ஜி.எல்.பி-1 என்னும் நீரிழிவு மருந்தை இதே வகைச் சங்கிலியோடு இணைத்தது. தோலடியில் செலுத்தியதும் உடற்சூட்டில் அது திரண்டு தங்கி, சிறிது சிறிதாகக் கசிந்தது. நீரிழிவு எலிகளில் ஓர் ஊசி 10 நாள் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது. குரங்குகளின் இரத்தத்தில் மருந்து 17 நாள் வரை நின்றது.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு நாள்தோறும் ஊசி என்பது புதிய செய்தியல்ல.

ஆனால் எலிக்கு உதவியது மனிதருக்கும் உதவும் என்று இப்போதே சொல்ல இயலாது. புரதம் என்பதாலேயே உடல் அதை எதிர்க்கவும் கூடும். ரப்பர் கையுறையில் எஞ்சிய பால்புரதம் பலருக்கு ஒவ்வாமை தந்ததை ரப்பர் உலகம் அறியும். வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு என்னும் நீரிழிவு ஊசியும் வேறு வழியில் சந்தைக்கு வந்துவிட்டது. எனவே புரதப் பாலிமர் இனி வெல்ல வேண்டிய களங்கள் பாதுகாப்பும் விலையும்தான். அரசு கிளினிக்கில் வரிசையில் நிற்பவருக்கு எட்டும் விலையில் கிடைத்தால்தான் இந்த ஆய்வு பயன் தந்ததாகும்.