கடைசி இடத்தில் இருந்த பரோ: டவர் ஹாம்லெட்ஸும் ஒரு சதவீதமும்

இங்கிலாந்தில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஜிசிஎஸ்இ முடிவுகள் வரும். 16 வயதில் எழுதும் தேர்வு. பிறகு எந்தப் பள்ளி எத்தனை சதவீதம், எந்த உள்ளாட்சிப் பகுதி எத்தனையாவது இடம் என்று பட்டியல்கள் வரும். இந்த மாதிரிப் பட்டியலை எப்படிப் படிக்கணும்னு கற்றுக்கொள்ள எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ்.

லண்டன் கோபுரக் கோட்டையிலிருந்து கிழக்கே, தேம்ஸ் நதியை ஒட்டி விரியும் பரோ இது. ஒரு காலத்தில் கப்பல்துறைத் தொழிலாளர்களின் பகுதி. 1980ல் இங்கிருந்த கடைசி கப்பல்துறைகளும் மூடப்பட்டன. அதே காலகட்டத்தில் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து குடும்பங்கள் நிறைய வந்து சேர்ந்தன. 80களின் இறுதியில் ஆசிரியர் பற்றாக்குறையால் நூற்றுக்கணக்கான வங்கதேசப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமே கிடைக்கவில்லை. இடம் கிடைக்காத பிள்ளை எந்தச் சதவீதத்திலும் வர மாட்டான் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990 வரை இந்தப் பள்ளிகளை நடத்தியது உள் லண்டன் கல்வி ஆணையம். அதைக் கலைத்து, பள்ளிகளை அந்தந்த பரோவிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1992ல், பள்ளிவாரியான முடிவுகளை அரசு நாடு முழுவதுக்கும் வெளியிட ஆரம்பித்தது. அதில் எல்லோரும் பார்த்த எண் ஒன்றுதான்: ஐந்து பாடங்களிலாவது 'சி' அல்லது அதற்கு மேல் கிரேடு வாங்கியவர்கள் எத்தனை சதவீதம்?

1997ல் அந்தக் கணக்கில் டவர் ஹாம்லெட்ஸ் நாட்டிலேயே கடைசி. நாட்டு சராசரி பாதியை நெருங்கிக்கொண்டிருந்தபோது, இங்கே நான்கில் ஒருவர்தான் அந்தக் கோட்டைத் தாண்டினார். காரணம் கேட்டால் பதில் ரெடியாக இருந்தது. ஏழைப் பிள்ளைகள், வீட்டில் ஆங்கிலம் கிடையாது, அப்புறம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

பதிலில் பொய் இல்லை. ஆனால் அதை ஒப்புக்கொண்டுவிட்டால் மேற்கொண்டு செய்ய ஒன்றும் இருக்காது. அந்தச் சமயத்தில் கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்ற கிறிஸ்டீன் கில்பர்ட் அதை ஏற்கவில்லை. வறுமையை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளாமல், எட்டவே முடியாது என்று தோன்றும் இலக்குகளைப் பள்ளிகளுக்கு வைத்தார்கள். 2003ல் 'லண்டன் சேலஞ்ச்' என்ற திட்டம் வந்தபோது இதற்கு ஒரு நல்ல கருவியும் கிடைத்தது. ஒரே மாதிரிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளை 'குடும்பம்' குடும்பமாகப் பிரித்தார்கள். பிள்ளைகள் உள்ளே வரும்போது எந்த நிலையில் இருந்தார்கள், எத்தனை பேருக்கு இலவச மதிய உணவு என்பதையெல்லாம் பார்த்துச் செய்த பிரிப்பு. இனி ஒரு தலைமையாசிரியர், வசதியான புறநகர்ப் பள்ளியோடு எங்களை ஒப்பிடாதீர்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் பிள்ளைகள் மாதிரியே இருக்கும் பிள்ளைகளை வைத்து இன்னொரு பள்ளி இவ்வளவு செய்திருக்கிறதே, எப்படி என்று போய்ப் பார்க்க வேண்டியதுதான். கடைசி இடம் என்ற தகவலைவிட இந்தக் கேள்விக்குப் பயன் அதிகம்.

ஆனால் அந்த ஒற்றைச் சதவீதத்துக்கு ஒரு கோளாறு உண்டு. ஒரு வகுப்பில் 150 பேர் என்று வைத்துக்கொள்வோம். 15 பேர் நான்கு 'சி'யும் ஒரு 'டி'யும் வாங்கும் நிலையில் இருக்கிறார்கள். அந்த ஒரு 'டி'யை 'சி' ஆக்கினால் பள்ளியின் கணக்கு 10 புள்ளி ஏறும். எல்லாவற்றிலும் 'ஜி' வாங்கிக்கொண்டிருந்த பையனை 'ஈ' வரை கொண்டுவந்தால்? ஒரு புள்ளிகூட ஏறாது. ஆக, எந்தப் பிள்ளைமேல் கூடுதல் நேரம் செலவழிக்கணும்னு பட்டியலே சொல்லிக்கொடுத்தது. இதற்கு மேல், இடைநிலை ஜிஎன்விக்யூ என்ற தொழில்சார் படிப்பு ஒன்றை முடித்தால் நான்கு ஜிசிஎஸ்இக்குச் சமம் என்று எண்ணினார்கள். அந்தப் பக்கம் திரும்பிய பள்ளிகள் பல. மென்பொருள் துறையில் ஒரு அளவீட்டை இலக்காக வைத்து அவதிப்பட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அதனால் ஏற்றத்தை நம்புவதற்கு முன் அளவுகோல் எது என்று பார்க்கணும். ஐந்தில் ஆங்கிலமும் கணக்கும் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற கடினமான அளவு பின்னாளில் வந்தது. குறுக்குவழிகள் பெரும்பாலும் அடைபட்ட அந்த அளவிலும், 2013 வாக்கில் டவர் ஹாம்லெட்ஸ் நாட்டு சராசரிக்கு மேலே நின்றது. அதனால்தான் இந்தக் கதையை நான் நம்புகிறேன்.

காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டைதான். 'லண்டன் சேலஞ்ச்' உயர்நிலைப் பள்ளிகளுக்கான திட்டம். ஆனால் முன்னேற்றம் அதற்கு முன்பே தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்துவிட்டது என்று ஒரு ஆய்வு சொல்கிறது. 2014ல் சைமன் பர்ஜெஸ் இன்னொன்று சொன்னார்: லண்டன் மற்ற பகுதிகளைவிட நன்றாகச் செய்ததற்கு முக்கியக் காரணம் அங்குள்ள பிள்ளைகளின் இனக் கலவை, புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் பள்ளிக் காலத்தில் அதிகம் முன்னேறுகிறார்கள்.

எனக்கு இங்கேதான் நெருடியது. 1997ல் முடிவு மோசமாக இருந்ததற்குக் காரணம் யார்? புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள். பின்னால் நன்றாக வந்ததற்கு? அதே பிள்ளைகள்! 97ல் தேர்வு எழுதியவர்களில் பலர் பாதியில் வந்து சேர்ந்தவர்கள், 2013ல் எழுதியவர்களில் பெரும்பாலோர் லண்டனிலேயே பிறந்தவர்கள் என்ற வேறுபாடு உண்மைதான். பர்ஜெஸ் சொல்வது தவறு என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் இறக்கத்தையும் ஏற்றத்தையும் ஒரே காரணத்தால் விளக்க முடிகிறது என்றால், நடுவில் பள்ளியில் நடந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் வர வேண்டாமா?

கடைசியாக, இதே மாதிரி எண்களை எதற்குப் பயன்படுத்தக்கூடாது என்பதற்கும் ஒரு பாடம் உண்டு. 2020ல் கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் தந்த கணிப்பை அப்படியே எடுக்காமல், பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளை வைத்து ஒரு அல்காரிதம் கிரேடுகளைத் திருத்தியது. ஆகஸ்ட் 13ல் ஏ லெவல் முடிவுகள் வந்தன. இங்கிலாந்தில் ஏறக்குறைய 40% கிரேடுகள் ஆசிரியர் கணிப்பைவிடக் குறைந்திருந்தன. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில், 17ம் தேதி, அரசு பின்வாங்கியது. ஜிசிஎஸ்இ முடிவுகள் ஆசிரியர் கணிப்பின்படியே வந்தன.

பள்ளியைப் பற்றிய எண்ணை ஒரு பிள்ளையின் தலையில் வைத்ததுதான் அங்கே நடந்த தவறு. 1997ல் டவர் ஹாம்லெட்ஸ் பிள்ளை ஒருத்தியைப் பார்த்து, உங்கள் பரோ கடைசி, அதனால் உனக்கு இவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கடைசி இடம் அவளைப் பற்றிச் சொன்னது ஒன்றுமில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவளுக்குப் பள்ளி நடத்தியவர்கள். அங்கே அவர்கள் பதில் சொல்ல முன்வந்தார்கள்.