தனக்கென்று ஓர் அரசன் செய்துகொண்ட வாள்

1965 டிசம்பர். சீனாவின் ஹூபே மாநிலத்து ஜியாங்லிங்கில் பாசனக் கால்வாய்க்கு மண் வெட்டப்போன இடத்தில் பழங்கல்லறைகள் தென்பட்டன. அங்கேதான் ஒருகாலத்தில் சூ நாட்டின் தலைநகர் இருந்தது. வாங்ஷான் முதலாம் கல்லறையில், எலும்புக்கூட்டின் இடப்பக்கம், கறுப்பு அரக்குப் பூசிய மர உறையோடு ஒரு வாள் கிடந்தது. உருவிப் பார்த்தார்கள். களிம்பு ஏறாமல் மஞ்சளாக மின்னியது.

55.7 சென்டிமீட்டர் நீளம். அலகு முழுக்கக் கறுப்புச் சாய்சதுரக் கோலம். கைக்காப்பின் ஒரு பக்கம் நீலக் கண்ணாடி, மறுபக்கம் பேரோசனைக் கல். பிடியின் அடிவட்டில், ஒன்றுக்குள் ஒன்றாக 11 மெல்லிய வளையங்கள். கைப்பிடிக்கு அருகே பறவை வடிவ எழுத்துகள் எட்டு. ஆறு எழுத்துகள் எளிதில் பிடிபட்டன: யுவே நாட்டு அரசன் தனக்கெனச் செய்துகொண்ட வாள். அரசன் பெயரான மீதி இரண்டெழுத்துதான் பிடிகொடுக்கவில்லை. தாங் லான், குவோ மோருவோ போன்ற அறிஞர்கள் கடிதம் கடிதமாக எழுதி விவாதித்து, அது கௌஜியான் என்று முடிவுக்கு வந்தார்கள்.

சீனப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் அது. வூ நாட்டு அரசன் ஃபூசாயிடம் தோற்று, அவனுக்கே ஊழியம் செய்து, ஊர் திரும்பியபின் விறகின்மேல் படுத்து, கசக்கும் பித்தப்பையை நாளும் நக்கி, பட்ட அவமானத்தை மறக்காமல் காத்தவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். கி.மு. 473இல் வூ நாட்டை அழித்தே ஓய்ந்தான்.

அவன் நாடு இன்றைய ஷாவ்ஷிங்கை ஒட்டியது. செம்பில் வெள்ளீயம் கலந்த வெண்கல வாள் வார்ப்பதில் பேர்போனது. செம்பு மட்டும் உருக 1085 டிகிரி சூடு வேண்டும். வெள்ளீயம் கலந்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகி, களிமண் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறையும். வெள்ளீயம் கூடக்கூட அலகு கடினமாகும். கூடவே நொறுங்கும் குணமும் ஏறும். வெண்கலப் பானை புழங்கிய வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. கைதவறினால் செம்புக் குடம் நசுங்கும், வெண்கலப் பானை விரியும். கடினத்துக்கும் நொறுங்கலுக்கும் இடையிலான எல்லைக்கோட்டில்தான் வார்ப்பவரின் திறமை நிற்கிறது. 1977இல் வாளைச் சேதப்படுத்தாமல் சோதித்தபோது, அலகில் ஏறத்தாழ 80 சதவீதம் செம்பும் 19 சதவீதம் வெள்ளீயமும் இருப்பது தெரிந்தது. வெப்பமானி ஏதுமின்றி, உலையின் நிறத்தையும் புகையையும் பார்த்து உருக்கிய கலவை அது. செய்தவன் அரசன் என்கிறது எழுத்து. உலையடியில் வெந்தவர்களின் பெயர் அதில் இல்லை.

யுவே அரசனின் வாள் சூ நாட்டுப் பிரபுவின் கல்லறைக்குப் போனது எப்படி? கௌஜியானின் மகள் சூ அரசனுக்கு வாழ்க்கைப்பட்டபோது சீதனமாகப் போயிருக்கும் என்பார் சிலர். பின்னாளில் சூ படை யுவேயை வென்றபோது கொள்ளையாக வந்தது என்பார் வேறு சிலர். எப்படி வந்திருந்தாலும், இறுக மூடிய கல்லறையில் தேங்கிய நீரும் பொருந்திய உறையும் காற்றை அண்டவிடவில்லை. 2000 ஆண்டுக்கு மேல் வாள் அப்படியே இருந்தது.

மண் காத்ததை மனிதக் கை காக்கவில்லை. 1994இல் சிங்கப்பூர்க் கண்காட்சி முடிந்து பெட்டியிலிருந்து எடுக்கையில் வாள் இடிபட்டது. அலகில் 7 மில்லிமீட்டர் விரிசல் விழுந்தது. அத்தனை வெள்ளீயம் கலந்த வெண்கலம் இடி தாங்காது. 2013இல் அது வெளிநாடு செல்லத் தடையுள்ள பொருள்களின் பட்டியலில் சேர்ந்தது.

இன்று அது வூஹானில், ஹூபே மாநில அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயே ஓர் ஈட்டிமுனையும் உண்டு. 1983இல் அதே ஜியாங்லிங் வட்டாரத்தில் இன்னொரு சூ கல்லறையில் கிடைத்தது. அதிலும் ஏறக்குறைய அதே வாசகம்: வூ அரசன் ஃபூசாய் தனக்கெனச் செய்துகொண்டது. ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட இருவர், ஆளுக்கொன்றைத் தனக்கென்று செய்து பெயரும் பொறித்தார்கள். இரண்டுமே மூன்றாம் நாட்டான் கைக்குப் போய், அவன் மண்ணில்தான் உறங்கின.